பூட்டுக்கு எதற்கு ஜன்னல்?

அத்தியாயம் 6

நீச்சல் பயிற்சியாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்று அவளுடைய ரத்தப் பரிசோதனை அறிக்கை. இன்னொன்று, அந்த அறிக்கையை ஊரே படிக்கும்படி நழுவவிட்ட பரிசோதனை நிலையம் அவளுக்கு எழுதியிருந்த வருத்தக் கடிதம்.

எதிரே உட்கார்ந்திருந்தவளை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். துப்பறியும் தொழிலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெயர். அவளுடைய உதவியாளன் அவள் கணவனின் தம்பி. அவன் நாள் முழுக்க அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரரிலிருந்து தபால்காரர் வரைக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவன் அண்ணன். நிறுத்தும் பொத்தான் இல்லாத ரேடியோ என்பது முழுப்பெயர்.

பயிற்சியாளரின் கதை சுருக்கமானது. அவள் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி ஒன்று இருந்தது. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான்கு வாரத்துக்கு முன்னால், அந்தப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கைகள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் யாரோ கொட்டிய பட்டியலில் வந்துவிட்டன. அதில் அவள் பெயரும் இருந்தது. நீச்சல் குளத்துக்கு வந்துகொண்டிருந்த இருபத்திரண்டு பிள்ளைகளில் இப்போது மூன்று பேர்தான் மிச்சம்.

"தண்ணியில பரவாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாருங்க. அதை வாசல்ல ஒட்டி வெச்சேன். அந்தக் காகிதத்தை ஒருத்தரும் படிக்கல. இதை மட்டும் எல்லாரும் படிச்சிருக்காங்க."

ரேடியோ வருத்தக் கடிதத்தை எடுத்து, செய்தி வாசிப்பவன் குரலில் படிக்க ஆரம்பித்தான். அது அவன் வழக்கம். 'எங்கள் நெட்வொர்க்கின் வாசலில் காவலுக்கு இருந்த ஃபயர்வால் இயந்திரத்தை அமைத்தவர் எங்களது முந்தைய சிஸ்டம்ஸ் அதிகாரி. இலவசமாகக் கிடைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றை அவர் தன்னிச்சையாகத் தேர்ந்தெடுத்து அதில் நிறுவியிருந்தார். சம்பவம் நடந்த நாளிலும் அந்த இயந்திரமே இயங்கிவந்தது. அவர் தற்போது...'

அங்கே அவன் குரல் நின்றது. கடிதத்தை மடிக்காமல் அண்ணியின் பக்கம் நகர்த்தினான்.

அவர் தற்போது உயிருடன் இல்லை என்று எழுதியிருந்தது. அண்ணி அதைப் பக்கத்து வீட்டு மின்சாரக் கட்டண ரசீதைப் படிப்பது போலப் படித்தாள். அந்த அதிகாரி அவளுடைய கணவன். ஏழு வாரத்துக்கு முன்னால், மூன்றாம் தேதி காலையில், வேலைக்குக் கிளம்பி மாடிப்படியில் இறங்கும்போது உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து பல் மருத்துவர் ஊசி போட்ட உதடு மாதிரிதான் இருந்தது அவளுக்கு. உதடு இருப்பது தெரியும். கடித்துப் பார்த்தால் வலி மட்டும் வராது. அழுகை வரும் வரும் என்று சொந்தக்காரர்கள் பத்து நாள் கூடவே இருந்து பார்த்துவிட்டு, வராததால் கிளம்பிப் போனார்கள்.

"செத்துப்போனவர்மேல கோபப்படவும் முடியலங்க," என்றாள் பயிற்சியாளர். "உயிரோட இருந்தா நேரா போய் ஒரு கேள்வி கேட்டிருப்பேன்."

"என்ன கேட்டிருப்பீங்க?"

"ஏன் இவ்வளவு அஜாக்கிரதைன்னு."

அண்ணி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். யாருக்காக எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பயிற்சியாளர் கேட்டது பணமோ நஷ்டஈடோ அல்ல. உண்மையில் என்ன நடந்தது என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். நிலையம் ஓட்டையை அடைத்துவிட்டதாகச் சொல்கிறது. ஆனால் போன வாரம்கூடப் புதிதாகச் சில அறிக்கைகள் வெளியே வந்திருக்கின்றன. தன் சார்பில் இவர்கள் விசாரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை ரேடியோ காத்திருந்தான். இது நாம் எடுக்கக்கூடாத கேஸ் என்றான். ஏன் என்று கேட்டாள் அண்ணி.

"குற்றவாளி நம்ம வீட்டுச் சுவர்ல போட்டோவுல இருக்காரு அண்ணி."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அண்ணி ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

பரிசோதனை நிலையத்தின் வாசலில் காவலாளி அவளைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். சார் வீட்டம்மா என்று அவருக்குத் தெரியும், சாவுக்கு வந்திருந்தார். அவள் லேசாகத் தலையை ஆட்டியதும் புரிந்துகொண்டு, தெரியாதவர்களுக்குக் காட்டும் பதிவேட்டை நீட்டினார். உள்ளே, நிலையத்தை நடத்தும் டாக்டருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. சாவு நடந்தபோது அவர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் இருந்தார். ஆறு வருடம் தன்னிடம் வேலை பார்த்தவனின் குடும்பத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசைமேல் தேடுகிற ரகம் டாக்டர். நோயாளி சார்பில் வந்திருக்கிறோம், இயந்திரத்தைப் பார்க்கவேண்டும் என்றதும் மறுக்கவில்லை. தாராளமாகப் பாருங்கள், எங்களிடம் மறைக்க எதுவும் இல்லை என்று சொல்லி, புதிய சிஸ்டம்ஸ் ஆளைக் கூட அனுப்பினார். அந்த ஆளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. நடக்கும்போது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

இயந்திர அறை முன்பு பழைய கோப்புகள் போட்டு வைத்திருந்த அறை. ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். குளிர் எலும்பைத் தொட்டது. இரும்புச் சட்டத்தில் வரிசையாக அடுக்கியிருந்த இயந்திரங்களில் மேல்தட்டில் ஒல்லியான நீலப்பெட்டி ஒன்று பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இதுதாங்க மேடம் ஃபயர்வால். வெளியிலேருந்து வர்ற எதுவும் இதைத் தாண்டித்தான் உள்ள வரணும். முந்தைய சார் வெச்சது. நான் வந்து இதுல கையே வெக்கல."

பெட்டியின் நெற்றியில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. மேலே கண்ணாடி டேப். அண்ணி கிட்டே போய்ப் படித்தாள். 'வேலை முடிந்ததும் கீபோர்டைக் கழற்றி எடுத்துச் செல்லவும். பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டுப் போகாதீர்கள்.' கணவனின் கையெழுத்துதான். ழகரத்தின் வாலை அடுத்த எழுத்துக்கு அடியில்வரை இழுத்துவிடுவான். அவள் அந்த வாலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கால் மட்டும் குளிர்ந்தது.

எப்படி இயக்குவது என்று காட்டச் சொன்னாள். அவன் உற்சாகமாகி, கையிலிருந்த லேப்டாப்பைத் திறந்து இரண்டு தட்டு தட்டினான். வண்ண வண்ண வரைபடங்களோடு ஒரு பக்கம் விரிந்தது. எந்தக் கதவைத் திறக்கவேண்டும், எதை மூடவேண்டும் என்று கட்டங்களில் டிக் அடித்தால் போதும் என்று விளக்கினான்.

"இதை இங்கேருந்துதான் திறக்க முடியுமா?"

"எங்கேருந்து வேணும்னாலும் திறக்கலாங்க மேடம். வீட்லேருந்துகூட."

"நல்ல வசதிதான்," என்றான் ரேடியோ. "திருடனுக்கும் பஸ் செலவு மிச்சம்."

அண்ணி சிரிக்கவில்லை. அவள் மனம் சாப்பாட்டு மேசைக்குப் போயிருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மாதம் முழுக்க அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்திருந்தன. இவர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நிலையத்தின் வாசலுக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை வைப்பது என்று கணவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாவதை இரண்டே நாளில் தள்ளிவிட்டான். நிறுவி முடிக்கும்போதே ஐம்பது வேலைகள் அதில் தானாக ஓடிக்கொண்டிருந்தன. ஐம்பது கதவோடு வீடு வாங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செங்கல் வைத்து அடைக்க என்னால் ஆகாது என்றான். இரண்டாவது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் செய்பவர்கள் இரண்டு வருடமாக ஒரு அப்டேட்கூட விடவில்லை. ஆள் இல்லாத கம்பெனியின் பூட்டு என்று அதையும் எடுத்தான். மூன்றாவது கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வேறொன்றும் இல்லை. நிறுவினால் எல்லாம் மூடியே இருக்கும். எது வேண்டுமோ அதை மட்டும் நாம் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளவேண்டும். அதிலும், வேண்டாத நிரல்களையெல்லாம் உட்கார்ந்து பிடுங்கி எடுத்தான். இல்லாத பொருளை உடைக்க முடியாது பார் என்றான். தூரத்திலிருந்து உள்ளே நுழையும் வழியை அடியோடு எடுத்துவிட்டு, நேரில் வந்து கீபோர்டைச் செருகினால்தான் பேசும் என்று ஆக்கினான்.

இப்படி அழகான பக்கம் எதுவும் வராதா, கட்டத்தில் டிக் அடிக்கிற மாதிரி, என்று அவள் அன்றைக்குக் கேட்டிருந்தாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்ன பதில் அவளுக்கு வார்த்தை மாறாமல் நினைவிருந்தது. "பூட்டுக்கு எதுக்கு ஜன்னல்?"

அண்ணி சிஸ்டம்ஸ் ஆளிடம் திரும்பினாள். ஒரு கீபோர்டு கொண்டுவாருங்கள், இந்தப் பெட்டியில் செருகிப் பார்க்கவேண்டும் என்றாள்.

"இதுல கீபோர்டு போட இடமே இல்லைங்க மேடம்," என்றான் அவன், யோசிக்காமல்.

ரேடியோ குனிந்து பெட்டியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்தான். அப்புறம் லேபிளை ஒருமுறை வாய்விட்டுப் படித்தான்.

"இடமே இல்லாத பெட்டியிலேருந்து கீபோர்டைக் கழட்டி எடுத்துட்டுப் போகச் சொல்றாரு. எங்க... அந்த சார் பெரிய மந்திரவாதி போல."

சிஸ்டம்ஸ் ஆளின் காது சிவந்தது. அது தனக்குத் தெரியாது, லேபிள் தான் வரும்போதே இருந்தது, சார் விளையாட்டாக ஒட்டியிருப்பார் என்று மூன்று பதில்களை ஒரே மூச்சில் சொன்னான். அண்ணி அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். லேபிள் இடம் மாறியிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அது முதலில் ஒட்டியிருந்த இயந்திரம் எங்கே போனது என்பதுதான் இனித் தெரியவேண்டும்.

ஒரு கட்டடத்துக்குள் எது வந்தது, எது போனது என்று முதலாளியைவிடக் காவலாளிக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, போக்குவரத்துப் பதிவேட்டைத் திறந்து வைத்தார் அவர். கணவன் இறந்த மூன்றாம் தேதியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். பதினான்காம் தேதி: உள்ளே, நீலப்பெட்டி ஒன்று, சிஸ்டம்ஸ் பிரிவுக்கு. பதினாறாம் தேதி: வெளியே, மறைந்த அதிகாரியின் சொந்தப் பொருட்கள், அட்டைப்பெட்டி ஒன்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்று. பெற்றுக்கொண்டவர் என்ற கட்டத்தில் ஒரு கையெழுத்து.

ரேடியோ எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு அண்ணி இது, மையில காலை நனைச்ச கோழி மாதிரி..."

பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் பார்த்தான். அந்தக் கையெழுத்து அவனுடையது.

காவலாளி பதிவேட்டை மூடப் போனவர் மூடாமல் நின்றார். ரேடியோ சுவரோரமாகப் போய்ச் சாய்ந்துகொண்டான். அன்றைக்கு இங்கிருந்து போன் பண்ணினார்கள், பொருட்களை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று. பதின்மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வந்தான், வாசலிலேயே நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான், ஆட்டோவில் ஏற்றினான். என்ன ஏற்றினான் என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் போட்டதோடு சரி.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஒண்ணும் ஆகாம அதை எடுத்து அலமாரில அடுக்குவீங்க அண்ணி. அதைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

அவன் சொன்னது சரிதான், அப்படித்தான் செய்திருப்பாள்.

ரேடியோவின் வீட்டில் அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவன் ஏணி போட்டுப் பரணில் ஏறி, கிழிந்த மெத்தையையும் மழைக்காலத்துப் பக்கெட்டுகளையும் தள்ளிவிட்டு, முதலில் அட்டைப்பெட்டியை இறக்கினான். அதில் குடை ஒன்று, தேநீர்க் கோப்பை ஒன்று, அவசரத்துக்கென்று அலுவலகத்தில் வைத்திருந்த நீலக்கோடு போட்ட சட்டை ஒன்று. அண்ணி சட்டையை எடுத்தாள். மடிப்பு கலைந்திருந்தது. தரையில் விரித்து, கையை உள்ளே மடித்து, சரியாக நான்காக மடித்து மறுபடி பெட்டியில் வைத்தாள். அவன் ஏணியில் நின்றபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. பேர் இல்லாத கறுப்பு டப்பா. பின்னால் நெட்வொர்க் கம்பி செருக இரண்டு வாய். ஒன்று வெளிப்பக்கம், ஒன்று உள்பக்கம். பக்கத்திலேயே கீபோர்டுக்கான இடம். முன்பக்கம் முழுக்கத் தூசி படிந்திருக்க, நடுவில் ஒரு நீள்சதுரத்தில் மட்டும் தூசி வேறு மாதிரி, பிசுபிசுவென்று அடர்த்தியாகப் பிடித்திருந்தது. பசை. அண்ணி விரலால் நீள அகலம் அளந்தாள். லேபிளின் அளவேதான்.

"ஊரெல்லாம் தேடுற ஆளு நம்ம பரண்லயே தலைமறைவா இருந்திருக்காரு," என்றான் ரேடியோ. குரலில் வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லை.

மதியம் மூன்று மணிக்கு அந்தக் கறுப்பு டப்பா டாக்டரின் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கடன்வாங்கிய திரை ஒன்று, கீபோர்டு ஒன்று. டாக்டர் ஒன்றும் புரியாமல் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். சிஸ்டம்ஸ் ஆள் கதவருகே நின்றான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. அண்ணி இயந்திரத்தை உயிர்ப்பித்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி முடிந்து, பாஸ்வேர்டு கேட்டு நின்றன.

பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது, யாருக்கும் தெரியாது என்றான் சிஸ்டம்ஸ் ஆள். முதல்தடவையாக அவன் குரலில் பொய் இல்லை.

அண்ணி டாக்டரைப் பார்த்தாள். ஒழுங்காக வேலை செய்கிற ஆள் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்திருப்பான். ஒட்டிய உறை ஏதாவது கொடுத்தானா என்று கேட்டாள். டாக்டர் நெற்றியைத் தடவினார். எழுந்து, மருந்துப் பெட்டகத்துக்குப் பின்னால் இருந்த சின்ன இரும்புப் பெட்டியைத் திறந்து, நிலையத்தின் உரிமப் பத்திரங்களுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். ஒட்டிய இடத்தின்மேல் குறுக்கே கையெழுத்து; உடையாமல் இருந்தது.

"இப்படி ஒண்ணு இருக்குன்னு மறந்தே போச்சு. யாராவது கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேனே."

சிஸ்டம்ஸ் ஆள் கதவைப் பிடித்துக்கொண்டான். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

டாக்டர் உறையைக் கிழித்தார். உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில் ஆங்கில எழுத்துகள் இடைவெளியே இல்லாமல் நீளமாக ஓடின. இது எந்த மொழி என்று புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, அண்ணி கையை நீட்டுவதற்குள், எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பாதியில் தமிழ் என்று பிடிபட்டு வேகமெடுத்தார். "ஈரத்துண்டை கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது."

ரேடியோ புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா என்று டாக்டருக்குச் சந்தேகம்.

"குடுங்க. நான் அடிக்கிறேன்," என்றாள் அண்ணி.

"அவர் எழுத்துக்கூட்டினது கன்னாபின்னான்னு இருக்கும்மா, உங்களுக்கு எப்படி..."

"இது எங்க வீட்டு வாக்கியம், டாக்டர்."

டாக்டர் காகிதத்தைக் கொடுத்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாகக் கணக்கு கூடிவருவது தெரிந்தது. உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் நின்றார். அண்ணி ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். அந்த வாக்கியத்தை அவள் கடைசியாகச் சொன்னது அந்த மாதம் இரண்டாம் தேதி. முதல் தடவையிலேயே கதவு திறந்தது.

பதிவுகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. வெளியிலிருந்து யார் யார் வந்து தட்டினார்கள், யார் யார் திரும்பிப் போனார்கள் என்று அந்த இயந்திரம் நொடிக்கு நொடி எழுதி வைத்திருந்தது. ஆறு வருடத்தில் அனுமதி இல்லாமல் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. எழுத்து பதினைந்தாம் தேதி காலை பதினொன்று பன்னிரண்டுக்குப் பாதி வரியில் நின்றிருந்தது. யாரோ நேராக மின்கம்பியைப் பிடுங்கியிருக்கிறார்கள். அறிக்கைகள் வெளியே கசிய ஆரம்பித்தது இருபத்திரண்டாம் தேதி. அதாவது, சம்பவம் நடந்தபோது இந்த இயந்திரம் ரேடியோ வீட்டுப் பரணில் பக்கெட்டுகளுக்குக் காவல் இருந்தது.

டாக்டர் சிஸ்டம்ஸ் ஆளைப் பார்த்தார். எனக்கு அது ஒரு பெட்டி, அவ்வளவுதான், நீ சொன்னதைத்தானே கடிதத்தில் எழுதினேன் என்றார். அதட்டவில்லை, குரல் உடைந்திருந்தது.

அவன் மறைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது நாள், நிலையத்தின் இன்னொரு கிளையில் இருந்த டாக்டர்கள் ஒரு புதிய இணைப்பு வேண்டும் என்று கத்தினார்கள். கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியவில்லை. தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தான். மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வந்து நண்பனிடம் சும்மா கிடந்த நீலப்பெட்டியை வாங்கி வந்து வைத்தான். அதற்கு அப்டேட் நின்று பல வருடம் ஆகியிருந்தது. டிக் அடிக்கிற அந்தக் கட்டுப்பாட்டுப் பக்கம் வெளியுலகத்துக்கும் திறந்தே இருந்தது. தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை அவன் மாற்றவே இல்லை. கசிந்தது தெரிந்த அன்றைக்கு, அலமாரியில் கிடந்த லேபிளை எடுத்து ஒட்டினான். பழைய இயந்திரத்தை வீட்டாரிடம் கொடுக்கும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று உரித்து வைத்திருந்தானாம்.

"செத்தவருக்கு வேலை போகாதுன்னு நெனச்சேன் மேடம்," என்றான். "அவர் வீட்ல இருக்கிறவங்களை நெனச்சே பாக்கல."

ரேடியோ ஜன்னலிலிருந்து திரும்பினான். கை மடங்கியிருந்தது. அண்ணி அவனைப் பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கினாள். கோபம் வரவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே தேடிப் பார்த்தாள். வேலை மட்டும்தான் கிடைத்தது.

"முதல்ல போய் அந்த நீலப்பெட்டியோட கம்பியைக் கழட்டுங்க. இப்பவும் திறந்துதான் இருக்கு."

அவன் ஓடினான்.

அன்று மாலைவரை அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். பழைய இயந்திரத்தை அப்படியே தூக்கி வாசலில் வைக்கக் கூடாது என்றாள் அண்ணி; பரணில் கிடந்த வாரங்களில் வந்த அப்டேட்கள் முதலில் ஏறவேண்டும். தனி இணைப்பில் போட்டு அவை ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தபோது, டாக்டர் தன் கையாலேயே புதுக் கடிதம் எழுதினார். முந்தைய கடிதம் போன எல்லோருக்கும் இது போகும், நாளை காலைப் பேப்பரிலும் வரும் என்றார். நீலப்பெட்டி யாருடையது, எப்போது வைத்தது, தவறு யாருடையது என்று மூன்று வரி. சிஸ்டம்ஸ் ஆளின் பெயரை எழுதி, அதன்கீழ் தன் பெயரையும் எழுதிக்கொண்டார். நான் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன் இல்லையா என்றார்.

அண்ணி நடைபாதைக்கு வந்து பயிற்சியாளருக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, நான் அந்த அதிகாரியின் மனைவி, இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும் என்றாள். மறுமுனையில் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது; குளக்கரையில்தான் இருந்தாள் போலிருக்கிறது. அப்புறம் பயிற்சியாளர், நான் கேட்ட கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றாள். இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் என்று அண்ணி கேட்டாள். மூன்று பேர்தான் என்று பதில் வந்தது. புதுக் கடிதம் வந்ததும் ஒரு பிரதி கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள். அது பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவருமா என்று இரண்டு பேருமே பேசவில்லை.

உள்ளே வந்தபோது அப்டேட்கள் முடிந்திருந்தன. கறுப்பு டப்பா இயந்திர அறையில் தன் பழைய தட்டில் ஏறியிருந்தது. ரேடியோ நீலப்பெட்டியிலிருந்து லேபிளைப் பதமாக உரித்து, பசை இருந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். டாக்டர் சிஸ்டம்ஸ் ஆளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. இதை முழுசாகக் கற்றுக்கொள்ளும்வரை நீ எங்கேயும் போக முடியாது என்று சொல்லிவிட்டார். அது தண்டனையா தயவா என்று அவனுக்கும் விளங்கவில்லை.

பாஸ்வேர்டு டாக்டர் அறையில் நாலு பேர் காதில் விழுந்துவிட்டது, இனி அது பூட்டு இல்லை, மாற்றியாகவேண்டும் என்றாள் அண்ணி. அதை அவள்தான் முதலில் சொன்னாள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளப்போகிறவன் சிஸ்டம்ஸ் ஆள். புதியதை அவன்தான் வைக்கவேண்டும், வேறு யாரும் பார்க்கக்கூடாது.

ரேடியோ வெளியே போய் நின்றுகொண்டான். அண்ணி அறையிலேயே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவளுக்குப் பின்னால், பழையதை ஒரு தடவை அடிக்கச் சொல்லி இயந்திரம் கேட்டது. அவன் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து மெதுவாக அடித்தான். ஐம்பதுக்கும் மேல் தட்டுகள். அவள் ஒன்றுவிடாமல் கேட்டாள். அப்புறம் ஒரு நிமிடம் அமைதி. பின்பு புதியது, வேகமாக. பதினொரு தட்டு.

"சின்னதா இருக்கு," என்றாள் அண்ணி, சுவரைப் பார்த்தபடியே. "இன்னும் நீளமா வைங்க."